பிக்பாஸும் பேப்பரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் பல வருடம் குந்தியிருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். இப்போது பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் செய்தி எழுதப் பழக்குகிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்பதும், சலூனில் பக்கத்துக் கதிரைக்காரர் கேட்பதும், கோயில் வீதியில் மறித்து நின்று கேட்பதும் கடைசியில் ஒரு இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பிக்பாஸ் மாதிரியான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் பேப்பரில் ஏன் இவ்வளவு செய்தி? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நொந்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உதெல்லாம் ஒரு செய்தியோ?

சிலது ஓம். பலது இல்லை.

பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கிற அளவு மிகச் சின்னது. இந்தச் செய்தியை எழுதியவர் அதற்காக யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டாரா? கேட்டிருந்தால் அதில் ஏதோ இருக்கிறது. கேட்காமல், திரையில் வந்ததைப் பார்த்துத் திரும்பவும் எழுதியிருந்தால் அது கதை சொல்லுதல். எங்கள் வீட்டில் அம்மா அதை இன்னும் சுவையாகச் செய்வா.

கேள்வி கேட்காமல் எப்படி ஒரு செய்தி வரும்?

வருகிறது. நாளுக்குப் பத்து வருகிறது. எப்படி என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்றபடியால் சொல்கிறேன்.

காலையில் சென்னைத் தொலைக்காட்சி நிறுவனம் அன்றிரவு நிகழ்ச்சிக்கான முதல் ப்ரோமோவை விடும். அரை நிமிடம், ஒரு நிமிடம். ஒருவர் கையை ஓங்குவார், இன்னொருவர் கண்ணைத் துடைப்பார், பின்னணியில் தவில் அடிக்கிறது போல ஒரு சத்தம். மத்தியானத்துக்கு முன் இரண்டாவது, பிறகு மூன்றாவது. எங்கள் இணையப் பகுதியில் இருந்த தம்பி அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அழுகிற முகத்தில் ஒரு படம் எடுப்பான். “வெடித்தது மோதல்! கதறி அழுத போட்டியாளர்” என்று தலைப்பு. மூன்று வரி ப்ரோமோவில் நடந்தது, இரண்டு வரி “நெட்டிசன்கள் கருத்து”. அந்த நெட்டிசன்கள் யார் என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்தேன்: 11 நிமிடம்.

இதில் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்குக் கொடுத்த வேலை அது. ஆனால் ப்ரோமோ என்பது விளம்பரம். சென்னையில் சம்பளம் வாங்குகிற ஒரு குழு, ஆட்களை இரவு ரி.வி.க்கு முன்னால் இருத்துவதற்காக வெட்டி ஒட்டிய துண்டு. அதை நாங்கள் சதம் வாங்காமல் செய்தியாகப் போட்டுக் கொடுக்கிறோம். இன்னொரு கூத்தும் இருக்கிறது. அந்த நிறுவனங்கள் உயிரை விடுகிற ரி.ஆர்.பி. கணக்கை, அதாவது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கை, எடுப்பது பார்க் என்ற இந்திய அமைப்பு. அது எண்ணுவது இந்திய வீடுகளை மட்டும். கோண்டாவிலில் எத்தனை வீட்டில் பார்த்தாலும் அந்தக் கணக்கில் நாங்கள் பூச்சியம். எண்ணப்படாத சனத்துக்கு ஓசியில் விளம்பரம்!

சனம் பார்க்குது தானே? சனம் விரும்பிறதைப் போடாமல் வேறென்னத்தைப் போடுறது?

எங்கள் சனம் பேப்பரைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது மரண அறிவித்தலை. இது யாழ்ப்பாணத்தில் பேப்பர் வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதற்காக மரண அறிவித்தலைத் தலைப்புச் செய்தி ஆக்குகிறோமா? அதற்கென்று பக்கம் இருக்கிறது, அங்கே இருக்கிறது, சனம் தேடிப் போய்ப் பார்க்கிறது. அதற்குக் காசும் வாங்குகிறோம்.

சினிமாப் பக்கம், வாரமலர், ராசிபலன் எல்லாம் பேப்பரில் எப்போதும் இருந்தவைதான். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. அவை தங்கள் பக்கத்தை விட்டு எழும்பி முன்பக்கத்துக்கு நடந்து வருகிறபோதுதான் யாரோ ஒருவர் எழும்பி இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

2019இல் லொஸ்லியாவும் தர்ஷனும் பிக்பாஸுக்குப் போனார்களே. எங்கள் பிள்ளைகளைப் பற்றியும் எழுதக் கூடாதா?

எழுத வேண்டும். நாங்கள் எழுதிய விதம்தான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அந்த வருடம் ஜூன் 23இல் மூன்றாவது பருவம் தொடங்கியது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்து இரண்டு மாதம். சோதனைச் சாவடிகள் திரும்பி வந்திருந்தன, தேவாலயங்களுக்கு முன்னால் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் கிளிநொச்சியைச் சேர்ந்த, கொழும்பில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை சென்னையில் அந்த வீட்டுக்குள் போகிறா. இலங்கையில் இருந்து தர்ஷன் என்று இன்னொரு பெடியன். மூன்று மாதம் எங்கள் சனம் வேறு கதை கதைக்கவில்லை. ரொரன்ரோவில் இருந்து வருகிற தொலைபேசி அழைப்புகூட “சாப்பிட்டியளோ?” என்று தொடங்காமல் “நேற்றுப் பாத்தியளோ?” என்றுதான் தொடங்கியது.

செப்டெம்பர் 23இல் முல்லைத்தீவு செம்மலையில், நீராவியடிப் பிள்ளையார் ஆலய வளாகத்தில், இறந்த பிக்கு ஒருவரின் உடலை நீதிமன்ற உத்தரவை மீறி எரித்தார்கள். சட்டத்தரணிகள் வீதிக்கு இறங்கினார்கள். அந்த வாரம் முடிகிற ஞாயிறு இரவு, இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கத் தர்ஷன் வெளியேற்றப்பட்டார்.

அன்றிரவு மேசையில் நான்தான். முன்பக்கத்தின் கீழ்ப்பாதியில் வடமராட்சி நிருபர் அனுப்பிய செய்தி இருந்தது. இந்திய இழுவைப் படகுகள் வந்துபோன பிறகு ஒரு தொழிலாளியின் வலை முழுக்க அறுந்து கிடக்கிறது, கரையில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிற படம். நிருபர் விடிய நாலு மணிக்குக் கரைக்குப் போய், ஆளோடு கதைத்து, கடற்றொழில் சங்கத்திலும் கேட்டு எழுதியிருந்தார். ஒன்பதரை தாண்ட மேலிருந்து அழைப்பு: “தர்ஷன்ர படத்தைக் கீழ போடு, பெரிசாப் போடு.” வலைச் செய்தி ஏழாம் பக்கத்துக்குப் போனது. படம் இல்லாமல், எட்டு வரி. அடுத்தநாள் நிருபர் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் ஏசவில்லை. “அந்தாள் பேப்பர் வாங்கிப் பாத்திட்டு என்னட்டைக் கேட்டுது தம்பி, படம் வடிவாய் விழேல்லையோ எண்டு” என்றார். அவ்வளவுதான்.

தர்ஷன் வெளியேறியது செய்தி இல்லையா? செய்திதான், நாலு வரிக்கு. பெரிதாகப் போடக்கூடிய செய்தி ஒன்றும் அதற்குள் இருந்தது, நாங்கள் தேடவில்லை. எங்கள் பிள்ளைகள் என்ன ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள், அதை எந்தச் சட்டத்தரணியாவது வாசித்துப் பார்த்தாரா, எந்த விசாவில் போனார்கள், நாளுக்கு என்ன சம்பளம், வெளியே வந்த பிறகு யாருக்கு எவ்வளவு காலம் கட்டுப்பட்டவர்கள்? லொஸ்லியா செய்தி வாசித்த பிள்ளை. தான் செய்தியாகி நிற்பதைப் பற்றி அவவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதையே முன்பக்கத்தில் போட்டிருக்கலாம். கடைசியில் பட்டம் மலேசியாவின் முகேனுக்குப் போனது. எங்கள் முன்பக்கமும் பழையபடி ஆனது.

பாட்டுப் போட்டிகள்? அரியாலைப் பிள்ளை வென்றது பெருமை இல்லையா?

2023 டிசெம்பரில் கில்மிஷா சரிகமப சிறுவர் மேடையில் பட்டம் வென்ற இரவு நானும் கை தட்டினேன். எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். அது முன்பக்கச் செய்தி, இரண்டாவது பேச்சே இல்லை. ஊர் மகிழ்வது ஊர்ச் செய்தி.

ஆனால் அதில் நிற்பது ஒரு சிறு பிள்ளை. பிள்ளைகள் இந்தியாவில் திரைக்கு முன் வேலை செய்வதற்கு விதிகள் உண்டு. 2017இல் திருத்திய சிறுவர் தொழிலாளர் விதிகளின்படி நாளுக்கு 5 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி எடுக்க வேண்டும், படிப்புக் கெடாமல் பார்க்க வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 வீதத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். 2019 ஜூனில், நடனப் போட்டிகளில் பிள்ளைகளை வயதுக்கு ஒவ்வாத விதத்தில் காட்ட வேண்டாம் என்று இந்திய ஒலிபரப்பு அமைச்சு தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தலும் அனுப்பியது.

அங்கே விதி மீறப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. என் கையால் போன செய்திகளில் ஒன்றில்கூட நாங்கள் இதைக் கேட்கவில்லை என்பதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பிள்ளை மாதக்கணக்கில் சென்னையில் நிற்கிறது என்றால் பள்ளிக்கூடம் என்ன ஆகிறது? கூடப் போன அம்மாவின் வேலை என்ன ஆகிறது? தங்கும் செலவு யாருடையது? அடுத்த வருடம் பிள்ளையை அனுப்ப யோசிக்கிற பெற்றோர் இங்கே எத்தனையோ பேர். அவர்களுக்குத் தேவையான செய்தி இதுதான்.

அப்படியானால் நிகழ்ச்சிக்கு உள்ளே நடப்பதைப் பற்றி எழுதவே கூடாதா?

விமர்சனமாக எழுதலாம், எவ்வளவும் எழுதலாம். அதற்கு ஆளில்லை என்பதுதான் கவலை.

ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆட்கள் அந்த மேடைகளில் ஏறினால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் “இலங்கைத் தமிழில ஏதாவது பேசுங்க” என்று கேட்பார்கள். பிள்ளை “நான் கதைக்கிறன்” என்று சொல்லும். எல்லோரும் “ஆஹா, எவ்வளவு இனிமை” என்று உருகுவார்கள். நாங்கள் மீன் சந்தையில் விலை பேசுவதும், பஸ் நடத்துநரோடு சண்டை பிடிப்பதும், வங்கியில் கடன் கேட்பதும் இதே தமிழில்தான். அங்கே அது கிளி பேசுகிற மாதிரி ஒரு வேடிக்கை ஆகிவிடுகிறது. இரண்டு வாரம் போக அந்தப் பிள்ளையே “பேசுறேன், பண்றேன்” என்று மாறிவிடும். இந்த மாற்றத்தைக் குறிப்புப் புத்தகத்தோடு இருந்து பார்த்து எழுதினால் நல்ல கட்டுரை ஒன்று வரும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவருக்குத்தான் அது கேட்கும்.

இரண்டாவது, அழுகை. பாட வந்த பிள்ளையிடம் பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, மெதுவாகப் போரைப் பற்றிக் கேட்பார்கள். விளக்கு மங்கும். புல்லாங்குழல் வரும். நடுவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். அந்த அழுகை பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது, வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் அழுதோம். ஆனாலும் இழப்பைச் சொன்னால்தான் எங்கள் பிள்ளையின் பாட்டு முழுமையாகும் என்று யார் முடிவெடுத்தது? எழுதுங்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒருவரும் எழுதித் தரவில்லை.

போரில் நொந்த சனம். கொஞ்சம் சிரிச்சுப் பார்த்தால் உங்களுக்கு என்ன?

ஒன்றுமில்லை. நானும் அந்தச் சனத்தில் ஒருவன்தான்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். அண்ணா மிதிப்பார், அப்பா காதை வைத்து பி.பி.சி. தமிழோசை கேட்பார். மிதி குறைந்தால் லண்டன் குரல் கீழே இறங்கும், அப்பா ஏசுவார். அதே காலத்தில் ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுக்கப் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்ததும் நாங்கள்தான். உதயன் பேப்பர் அச்சுத்தாள் இல்லாமல் கொப்பித்தாளில் வந்த காலம் அது. பொழுதுபோக்கு அந்த நேரத்தில் ஆடம்பரமாக இருக்கவில்லை. செய்தியும் இருந்தது, படமும் இருந்தது. எது எதுவென்று குழந்தைக்கும் தெரிந்தது.

அந்தத் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றது. தமிழில் பிக்பாஸ் தொடங்கியது ஜூன் 25இல். இடையில் எட்டு வாரம். ஒன்றால் மற்றது என்று நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அந்த எட்டு வாரம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியாக இருக்கிற அம்மம்மாமார் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு இரண்டு பேர். இரவு ரி.வி. சத்தம்தான் அவர்களுக்குத் துணை. கொக்குவிலில் இருக்கிற அம்மம்மாவும் ஸ்காபரோவில் இருக்கிற பேத்தியும் ஒரே விசயத்தைப் பற்றிக் கதைக்க அந்த நிகழ்ச்சிதான் மிஞ்சியிருக்கிறது. அதை நான் நையாண்டி பண்ண மாட்டேன். பார்ப்பவர்களைப் பற்றி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த அம்மம்மா ஒரு செய்தி.

2024இல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த குழப்பம்?

அது முழுக்க முழுக்கச் செய்தி. பெப்ரவரி 9இல் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னால் போனது, நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. பொது இடம், பாதுகாப்பு, நுழைவுச்சீட்டுக் காசு, பொலிஸ் எல்லாம் அதற்குள் இருந்தன. அங்கே எந்த நடிகை என்ன உடுத்து வந்தா என்பது மட்டும் செய்தி இல்லை. அதுதான் கூடுதலாக வந்தது.

தொகுப்பாளர் அரசியல் பேசினால்?

அரசியல் செய்தியாகப் போடுங்கள். 2017இல் தொகுப்பாளராக இருந்த கமல் பிக்பாஸ் மேடையில் பேசிய பேச்சுகளைச் சினிமாப் பக்கத்தில் போட்டவர்கள், 2018 பெப்ரவரி 21இல் அவர் மதுரையில் கட்சி தொடங்கியபோது விழித்துக்கொண்டார்கள். 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆகிவிட்டார்.

இணையத்தளங்கள் பிழைக்க வேண்டாமா? கிளிக் வந்தால்தானே காசு?

ஞாயமான கேள்வி. ஒழிக்காமல் கணக்கைச் சொல்கிறேன்.

பிராந்திய நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்குக் காசு. நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்காகக் காலையில் போய், பிற்போட்டுவிட்டார்கள் என்று மத்தியானம் வெறுங்கையோடு வந்தால் அந்த நாள் அவருக்குப் பெற்றோல் நட்டம். ப்ரோமோவைப் பார்த்து எழுதுகிறவருக்கு ஒருநாளும் வழக்குப் பிற்போடப்படாது. நாளுக்கு மூன்று தடவை, தவறாமல், படத்தோடு வரும். செலவும் இல்லை. பார்வையும் பத்து மடங்கு. நான் முதலாளியாக இருந்தாலும் கை அரிக்கும்.

இழப்பு எங்கே தெரியும் என்றால், ப்ரோமோ வராத இடங்களில். கில்மிஷாவின் அதே அரியாலையில் இருக்கிறது செம்மணி சித்துப்பாத்தி மயானம். 2025 பெப்ரவரியில் அங்கே கட்டட வேலைக்குத் தோண்டியபோது மனித எலும்புகள் தெரிந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அந்த வருடத்துக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஒரு பள்ளிக்கூடப் பை வந்தது. ஒரு பொம்மை வந்தது. தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி எடுக்கிற வேலை அது. ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றால் நிருபருக்குச் சில நாள் ஒரு எண் மட்டும்தான் கிடைக்கும். அந்த ஒரு எண்ணுக்காக ஒருவரை நாள் முழுக்க அங்கே நிறுத்தி வைக்கக் காசு வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டமும் இப்படித்தான். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம், ஒரு நாள் கூடியிருக்கும்.

கிளிக் வருமானத்தில் ஒரு பங்கையாவது இந்த நிற்கிற வேலைக்கு ஒதுக்கினால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஒதுக்குகிற ஆட்களும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள்.

பிக்பாஸ் செய்தி கூடிப்போச்சு என்று எங்கேயாவது முறையிடலாமா?

முடியாது. 2003இல் தொடங்கிய இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு பிழையான செய்தி, பதில் சொல்ல இடம் தராதது போன்றவற்றைப் பார்க்கும். ரசனையைப் பார்க்காது. ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் மேசையில் இருந்த காலத்தில் இந்த விசயமாக வந்த கடிதங்கள் இரண்டு. இரண்டும் ஏன் இன்னும் போடவில்லை என்று கேட்டவை.

செய்தி எழுதப் பழகுகிற பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறீர்கள்?

நிகழ்ச்சியைப் பாருங்கள், எழுத உட்காரும் முன் தொலைபேசியை எடுங்கள் என்று சொல்வேன். போன மாதம் ஒரு பிள்ளை ஊரிலுள்ள கேபிள்காரரிடம் போய், எந்த நேரத்தில் சிக்னல் போனால் கூடுதலாகத் திட்டு விழுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தா. ஒரு பக்கம்தான். திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நீங்கள் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். அம்மாவோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டாயம். வெளியேற்றத்தை முதல் நாளே படம்பிடித்துவிடுவார்கள், செய்தி எப்படியும் கசிந்துவிடும். போன பருவத்தில் ஒரு ஞாயிறு, யார் போகப்போகிறார் என்பது எனக்கு முன்னமே தெரிந்திருந்தது. அம்மாவின் சுவாரசியத்தைக் கெடுக்கக் கூடாது என்று இரவு வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் மெதுவாக அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

“எனக்கு மத்தியானமே தெரியும்” என்றா அம்மா. “தங்கச்சி கனடாவில இருந்து அனுப்பினவள். நீதான் பேப்பர்காரன், உனக்குத் தெரியேல்லையோ?”